ஊதா நாள்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். நவம்பர் மூன்றாவது சனிக்கிழமை நம் இலண்டன் தமிழ்ப் பள்ளியில் கணையப் புற்றுநோய் விழிப்புணர்வுக்கான ஊதா நாள். பிள்ளைகள் சீருடைக்குப் பதிலாக ஊதா நிறத்தில் ஏதாவது அணிந்து வரலாம். புதுச் சட்டை வாங்க வேண்டாம், ஒரு ரிப்பன் போதும். இடைவேளையில் உணவுக் கடை இருக்கும். றோல்ஸ், பற்றிஸ், வடை எதுவானாலும் செய்து கொண்டு வாருங்கள். கச்சான் சேர்ந்தது மட்டும் வேண்டாம்.

சேரும் பணம் முழுவதும் பான்கிரியாட்டிக் கான்சர் யூகே என்ற கணையப் புற்றுநோய்த் தொண்டு அமைப்புக்குப் போகும். பிரித்தானியாவில் ஆண்டுதோறும் 10,000 பேருக்கு மேல் கணையப் புற்றுநோய் வருகிறது. ஐந்து ஆண்டுகளைத் தாண்டுபவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. நோய் தெரியவரும்போது பெரும்பாலும் பரவியிருக்கும், கட்டியை வெட்டி எடுக்க முடியாது. மூச்சை ஊதச் சொல்லி அதிலிருந்தே நோயைக் கண்டுபிடிக்க இம்பீரியல் கல்லூரியில் நடக்கும் ஆய்வுக்கு இந்த அமைப்பும் பணம் கொடுக்கிறது. நோயாளிகளும் வீட்டாரும் இலவசமாக அழைத்துப் பேசத் தாதியரையும் வைத்திருக்கிறது. கணையம் செரிமான நீரைச் சரியாகச் சுரக்காவிட்டால் சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது, ஆள் மெலிந்து சிகிச்சையைத் தாங்க முடியாமல் போவார். அதற்குச் சாப்பாட்டோடு எடுக்கும் நொதிக் குளிசை உண்டு. 2018 முதல் மருத்துவ வழிகாட்டியில் சொல்லியிருந்தும் அது கிடைக்காமல் போன நோயாளிகள் பலர். இப்படிப்பட்ட விஷயங்களை அந்தத் தாதியரிடம் கேட்கலாம்.

சரி, பணம் தராவிட்டாலும் பரவாயில்லை, இதை மட்டும் வாசித்துவிடுங்கள். நம் வீடுகளில் சீனி வருத்தம் (நீரிழிவு) புதிதல்ல. அம்மம்மாவோ அப்பப்பாவோ மெலிந்தால், "சீனி எண்டால் மெலியத்தானே செய்யும்" என்று விட்டுவிடுகிறோம். 60 வயது தாண்டியவருக்குப் புதிதாகச் சீனி வந்து எடையும் குறைந்தால், இரண்டையும் சேர்த்து உங்கள் குடும்ப வைத்தியரான ஜிபியிடம் சொல்லுங்கள். கணையப் புற்றுநோயா என்று பார்க்க அவசர ஸ்கானைப் பற்றி யோசிக்க வேண்டிய நிலை அது என்று இந்நாட்டு மருத்துவ வழிகாட்டியே சொல்கிறது. 40 தாண்டியவருக்குச் செங்கண்மாரி (மஞ்சள் காமாலை) வந்தால் அதுவும் இந்த நோயின் அறிகுறியாக இருக்கலாம், கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுத்துக்கொண்டு காத்திருக்காமல் ஜிபியிடம் போங்கள். முதியவருக்கு ஆங்கிலம் வராவிட்டால் பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க விடாதீர்கள். கேட்டால் ஜிபியே மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்வார்.

வகுப்பில் நோயைப் பற்றி விரிவாகப் பேசப்போவதில்லை. வீட்டில் யாருக்காவது புற்றுநோய் இருந்தால் வகுப்பாசிரியரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அன்று அந்தப் பிள்ளையை உண்டியலோடு நிறுத்த மாட்டோம்.

உணவு கொண்டுவருபவர்கள் அதற்கு முந்தைய வாரமே பெயர் தாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்