கிறிஸ்துமஸ் மரம்: ஜனவரியையும் யோசித்து வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிளாஸ்டிக் வேண்டாம், இந்த வருஷம் நிஜ மரமே வைக்கலாம் என்று நினைக்கிற பெங்களூரு தமிழ்க் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். வெளிநாட்டுப் படங்களில் பார்க்கிற ஃபிர், ஸ்ப்ரூஸ் எல்லாம் குளிர்நாட்டு மரங்கள், இந்த ஊருக்கு ஒத்துவராது. இங்கே வாங்கக் கிடைப்பது பெரும்பாலும் வெட்டிய சவுக்குக் கிளை, இல்லையென்றால் தொட்டியில் வளர்கிற துஜா, அரக்கேரியா என்ற ஊசியிலை மர வகைகள்.

சவுக்கு நம் ஊர்ப் பழக்கம், விலையும் குறைவு. ஆனால் வெட்டிய கிளை சில நாளிலேயே காய்ந்துவிடும். காய்ந்த சவுக்கு சட்டென்று தீப்பிடிக்கும், அதன்மேல் சீரியல் லைட்டை எரியவிட்டுத் தூங்குவதை நினைத்தாலே எனக்குப் பயம். அதுதான் வேண்டும் என்றால் 23, 24 தேதி வாக்கில் வாங்குங்கள்.

துஜா வெயில் தாங்கும், பால்கனித் தொட்டியில் பல வருஷம் இருக்கும். இலைகள் விசிறி மாதிரி தட்டையாக, நெருக்கமாக நிற்பதால் ஸ்டாரும் மணியும் தொங்கவிடத்தான் இடம் இருக்காது.

என் ஓட்டு அரக்கேரியாவுக்குத்தான். அடுக்கடுக்காகக் கிளை, நடுவே நல்ல இடைவெளி, எதைத் தொங்கவிட்டாலும் எடுப்பாகத் தெரியும். வாங்கும்போது முதலில் உச்சிக் குருத்தைப் பாருங்கள். அது ஒடிந்திருந்தால் அந்த அழகான வடிவம் போய்விடும், பக்கக் கிளையை வெட்டிப் பதியம் போட்ட செடியோ மேலே போகாமல் பக்கவாட்டிலேயே படரும். கீழ் அடுக்குக் கிளைகள் உதிர்ந்த செடியும் வேண்டாம், உதிர்ந்த இடத்தில் மறுபடி துளிர்க்காது. அப்புறம், ஒரே தொட்டியில் நாலைந்து கன்றுகளைச் சேர்த்து நட்டு அடர்த்தியாகக் காட்டுவார்கள், அடியில் எத்தனை தண்டு என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

பண்டிகை முடிந்ததும் நேராக மொட்டை மாடி வெயிலில் தூக்கி வைக்காதீர்கள், இலை கருகும், கொஞ்ச நாள் நிழலில் இருக்கட்டும். தொட்டியிலேயே வளருங்கள். காம்பவுண்டு ஓரம் நடலாமே என்று தோன்றினால் ஒருமுறை லால்பாக் தாவரவியல் பூங்காவுக்குப் போய் அங்கே நிற்கிற அரக்கேரியாக்களை அண்ணாந்து பாருங்கள், சொந்த மண்ணான, பசிபிக் கடலில் இருக்கிற நார்ஃபோக் தீவில் இந்த இனம் 50 மீட்டருக்கு மேலும் வளரும்.

நர்சரிக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பளபளப்புக்காகச் செடிமேல் சில்வர் பெயிண்ட் அடிக்காதீர்கள், இலைக்கு வெளிச்சமும் காற்றும் போகாது. வாங்குகிறவர்களிடம் மேலே சொன்ன விஷயங்களை நீங்களே சொல்லிக் கொடுங்கள்.

- வாசகி, பிரேசர் டவுன், பெங்களூரு