மொதல்ல ரூட்டரைப் பாரு

கண்ணு,

போன்லயே சொல்லிடலாம்னு தான் நெனச்சேன், ஆனா நான் வாட்டு வோல்ட்டுன்னு ஆரம்பிச்சா நீ ம் ம்னு சொல்லிக்கிட்டே வேற எதையோ டைப் பண்ணுவ, கீபோர்டு சத்தம் இங்க நல்லாவே கேக்குது. அதான் எழுதறேன், டீ பிரேக்ல படி.

அன்னிக்கு வீடியோ கால்ல "அம்மா நான் ஒண்ணு"ன்னு ஆரம்பிச்ச, அதோட அப்படியே நின்னுபோச்சு. ஒரு கண்ணு பாதி மூடி, வாய் தொறந்தபடி. நானும் ரெண்டு நிமிஷம் அந்த மூஞ்சியவே பாத்துட்டு உக்காந்திருந்தேன். அப்புறம் மெசேஜ் வருது, கரண்ட் போச்சும்மா, பெருசா ஒரு இன்வெர்ட்டர் பாக்கப்போறேன்னு. இரு, அவசரப்படாத. கரண்ட் போனப்போ உன் லேப்டாப் அணைஞ்சுதா? இல்லையே. அதுக்குள்ளயே பேட்டரி இருக்கு, ரெண்டு மூணு மணி நேரம் அதுபாட்டுக்கு ஓடும். செத்தது ரூட்டர். பத்து வாட்டு கூட இழுக்காத ஒரு குட்டி டப்பாக்காக அறுபது கிலோ பேட்டரிய லிஃப்ட்ல ஏத்தப்போறியா?

அதனால மொதல்ல ரூட்டருக்கு ஒரு மினி யூபிஎஸ் வாங்கு, கரண்ட் போனா அந்த நொடியே பேட்டரியில ஓட்டற டப்பா. உள்ளங்கை அளவு தான் இருக்கும். வாங்கறதுக்கு முன்னாடி ரூட்டர் அடாப்டர்ல எழுதியிருக்கறத பாரு, 12 வோல்ட்டா 9 வோல்ட்டா, எத்தன ஆம்ப்னு. வோல்ட் கரெக்டா அதே இருக்கணும், ஆம்ப் அதே இல்லன்னா அதுக்கு மேல. ஃபைபர் உள்ள வர்ற டப்பா தனியா, வைஃபை டப்பா தனியான்னு ரெண்டு இருந்தா ரெண்டுக்குமே வேணும், ஒண்ணுக்கு மட்டும் குடுத்துட்டு வைஃபை சிக்னல் ஃபுல்லா இருக்கு நெட் வரலன்னு பொலம்பாத. அப்புறம் மேல 10,000 எம்ஏஹெச்னு பெருசா போட்டிருப்பான், அது உள்ள இருக்கற 3.7 வோல்ட் செல் கணக்குல. பெருக்கிப் பாத்தா 37 வாட் ஹவர், அதாவது 37 வாட்ட ஒரு மணி நேரம் ஓட்டற அளவு. பத்து வாட் ரூட்டர்னா மூணு மணி நேரம் சொச்சம், அவ்ளோ தான்.

இதுல இன்னொரு விஷயமும் தெரிஞ்சிடும். ஃபைபர்ல வழியில இருக்கற ஸ்ப்ளிட்டருக்கு கரண்டே வேணாம், வெளிச்சத்த பிரிச்சு விடற சமாச்சாரம் தான் அது. ஆனா சில அபார்ட்மெண்ட்ல மாடிப்படி ஓரமா ஒரு பெட்டிக்குள்ள நெட்ட பிரிச்சு விடற நெட்வொர்க் ஸ்விட்ச் வெச்சு அங்கேர்ந்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஒயர் இழுத்திருப்பாங்க, அது பொது லைன்ல ஓடும். அது செத்துதுன்னா நீ வீட்டுக்குள்ள ஆனை அளவு பேட்டரி வெச்சாலும் நெட் வராது, அசோசியேஷன்ல தான் பேசணும். மினி யூபிஎஸ் போட்ட பிறகு கரண்ட் போற அன்னிக்கு நெட் நிக்குதா ஓடுதான்னு பாரு, பெரிய செலவு பத்தி அப்புறமா யோசிக்கலாம்.

பில்டிங்ல ஜெனரேட்டர் இருக்கேன்னு நீ சொல்வ. இருக்கட்டும். அது ஸ்டார்ட் ஆகி லைன் மாற பத்து பதினஞ்சு செகண்டாவது ஆகும், ஆனா அந்த செகண்ட்ல அணைஞ்ச ரூட்டர் மறுபடி எழுந்து உக்கார ரெண்டு மூணு நிமிஷம். மீட்டிங்ல அந்த ரெண்டு நிமிஷம் தானே பிரச்சன? அதோட ஜெனரேட்டர் லைன் உன் ரூம்ல எந்த பிளக்குக்கு வருதுன்னு பாத்து வெச்சிக்கோ, நெறைய எடத்துல ஒரு லைட்டு ஒரு ஃபேனுக்கு மேல தர மாட்டாங்க.

இதுக்கு மேலயும் வேணும்னா, மானிட்டர், ஃபேன், லைட் எல்லாம் ஓடணும்னா, கணக்கு போட்டுட்டு கடைக்குப் போ. லேப்டாப் 40, மானிட்டர் 25, நெட் டப்பாங்க 15, லைட் 10, ஃபேன் பழசுன்னா 70, கம்மி கரண்ட்ல ஓடற புது பிஎல்டிசி ஃபேன்னா 30. பிஎல்டிசின்னே வெச்சா 120 வாட். நாலு மணி நேரத்துக்கு 480 வாட் ஹவர், இன்வெர்ட்டர் தின்னுறத சேத்து 600ன்னு வெச்சிக்கோ. கடைக்காரர் 150 ஆம்பியர் ஹவர் பேட்டரி எடுத்துக்கங்கன்னு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இந்த 600ங்கற நம்பர் உன் வாயில இருக்கணும்.

கம்ப்யூட்டருக்குன்னு விக்கற 600 விஏ யூபிஎஸ் வேற. 600ன்னு போட்டிருந்தாலும் தாங்கறது 360 வாட் கிட்ட தான். உள்ள இருக்கறது பெரும்பாலும் 12 வோல்ட் 7 ஆம்பியர் ஹவர் பேட்டரி ஒண்ணு, 84 வாட் ஹவர், அதுவும் காகிதக் கணக்கு. 100 வாட் போட்டா அரை மணி தாண்டறதே கஷ்டம். ஃபைல சேவ் பண்ணி மூடறதுக்கு செஞ்சது அது. உங்கப்பா அதுல லேசர் பிரிண்டர சொருகினது ஞாபகம் இருக்கா? பிரிண்டர் உள்ள ஹீட்டர் ஒரே இழுப்பா இழுத்துச்சு, யூபிஎஸ் கீ...ன்னு கத்திட்டு கம்ப்யூட்டரையும் சேத்து அணைச்சிடுச்சு, அவர் ரெண்டு நாளா டைப் பண்ணினது போச்சு. இன்னிக்கு வரைக்கும் தப்பு யூபிஎஸ் மேலன்னு தான் சொல்றார்.

லெட் ஆசிட் பேட்டரி பத்தி என்கிட்ட கேளு. நம்ம வீட்ல அதுக்கு தண்ணி ஊத்தினது யாரு? நான் தான். மூடி மேல இருக்கற மிதவை கீழ எறங்கி செவப்பு தெரிஞ்சா டிஸ்டில்ட் வாட்டர் எடுத்துட்டு போய் ஆறு ஓட்டையிலயும் கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி பச்சை வர்ற வரைக்கும் குனிஞ்சு நிக்கணும். ஒரு தடவ கை ஈரத்த துணியில தொடச்சிட்டேன், அப்போ ஒண்ணும் தெரியல, துவைச்சு காயப் போட்டப்போ தான் பாத்தேன், சல்லடை மாதிரி பொடிப்பொடியா ஓட்டை. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வேற வரும், காத்தோட்டமான எடத்துல தான் வைக்கணும். உன் ஒண்ணரை ரூம் வீட்ல எங்க வைப்ப, கட்டிலுக்கு அடியிலயா? அதோட பாதிக்கு மேல அடிக்கடி காலி பண்ணினா ஆயுசு போயிடும், கடைக்காரர் சொல்ற அந்த 12 வோல்ட் 150 ஆம்பியர் ஹவர் பேட்டரிய 1800 வாட் ஹவர்னு வாங்கி 900 தான் நிம்மதியா எடுக்கலாம்.

உனக்கு லித்தியம் தான், அதுலயும் எல்எஃப்பின்னு கேட்டு வாங்கு, லித்தியம் அயர்ன் பாஸ்பேட். வெல கூட தான், ஒத்துக்கறேன். ஆனா 12.8 வோல்ட் 50 ஆம்பியர் ஹவர்னா 640 வாட் ஹவர், உன் கணக்குக்கு சரியா வரும், ஒரு கையில தூக்கலாம், தண்ணி ஊத்த வேணாம், ஆயிரக்கணக்கான தடவ சார்ஜ் பண்ணலாம். வீடு மாறும்போது கூடவே எடுத்துட்டும் போகலாம். இன்வெர்ட்டரோட சேந்து ஒரே பெட்டியா வர்ற போர்ட்டபிள் பவர் ஸ்டேஷன்னா சுவத்துல ஆணி கூட அடிக்க வேணாம், ஹவுஸ் ஓனர்கிட்ட கேக்கற வேலையும் மிச்சம். ப்யூர் சைன் வேவான்னு, அதாவது வீட்டு லைன் மாதிரியே சீரான கரண்ட் குடுக்குமான்னு மட்டும் கேளு, இல்லன்னா ஃபேன் ராத்திரி பூரா உறுமும். வாசக்கதவு பக்கத்துல வைக்காத, ஏதாவது ஆச்சுன்னா நீ வெளிய ஓடற வழி அது தான். பால்கனில சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் வைக்கலாம்னு எவனாவது சொன்னா காதுலயே வாங்காத, அந்தப் புகையில வர்ற கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாம ஆள கொன்னுடும்.

எது வாங்கினாலும் ஒரு லீவு நாள்ல மெயின ஆஃப் பண்ணிட்டு எவ்ளோ நேரம் நிக்குதுன்னு பாத்து ஒரு சீட்டுல எழுதி அது மேலயே ஒட்டு, ஆறு மாசத்துக்கு ஒரு தடவ திரும்பவும் பாரு.

இப்போதைக்கு ரூட்டர் அடாப்டர கழட்டி அடியில இருக்கறத ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. எழுத்து பொடியா இருக்கும், டார்ச் அடிச்சு எடு. அப்படியே அன்னிக்கு "அம்மா நான் ஒண்ணு"ன்னு ஆரம்பிச்சது என்னன்னும் எழுது, திரும்ப கூப்பிட்டப்போ ஒண்ணுமில்லன்னு சொன்னியே, அத நான் நம்பல.

அம்மா