எங்கள் கதையை எங்களுக்கும் படிக்கக் கொடுங்கள்

மாற்றுத்திறனாளிகள் சிறப்பிதழ் கொண்டுவந்த ஆசிரியர் குழுவினருக்கு, வணக்கம்.

டிசம்பர் 3-ஐ ஒட்டி வந்த உங்கள் இதழைப் பணம் கட்டித்தான் தரவிறக்கினேன். நான் பார்வையற்றவள். போனில் திறந்தால், திரையில் உள்ள எழுத்தை வாசித்துச் சொல்லும் டாக்பேக் செயலி பக்கத்துக்குப் பக்கம் வாய் திறக்கவில்லை. காரணம் உங்களுக்குத் தெரியும், பக்கமெல்லாம் வெறும் படம். படமாகத் தராதீர்கள், எழுத்தாகத் தாருங்கள் என்று போன முறையே எழுதியிருந்தேன்.

சரி என்று அண்ணன் மகனைப் படிக்கச் சொன்னேன். நாங்கள் இருப்பது கேரளத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் அவனுக்கு மலையாளம், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். விடுதியில் தங்கிப் படித்த பார்வையற்ற பெண் ஒருவர், மாதவிலக்கு நாட்களில் துணியில் கறை பட்டிருக்கிறதா என்று யாரிடம் கேட்பது எனத் தவித்ததை எழுதியிருக்கிறார். ஒன்பதாம் வகுப்புப் பையன் அதைக் கூட்டிக் கூட்டிப் படித்து, விஷயம் புரிந்ததும் நிறுத்திவிட்டான். "அத்தை, அடுத்த பக்கம் போகட்டுமா?" என்றான். போடா என்றேன், வேறென்ன சொல்ல? என்னைப் போன்றவளுக்குத்தான் அவர் அதை எழுதியிருப்பார், அதைத் தனியாக இருந்து படிக்க எனக்கு வழியில்லை. அப்புறம் அவன் எதையெல்லாம் தாண்டினான் என்பதும் தெரியாது.

படத்தில் உள்ளதை எழுத்தாக மாற்றும் ஓசிஆர் போட்டுப் பாருங்களேன் என்றார் உங்கள் அலுவலகத்தில் ஒருவர். போட்டேன். பக்கம் பக்கமாக இரண்டு பத்தியாக அச்சான தாளில் வரிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, போலியோ பாதித்தவர் கல்யாணத்தில் சைகை மொழி ஆசிரியர் மாலை மாற்றிக்கொண்டார்.

எழுத்தாகக் கொடுத்தால் திருடிவிடுவார்கள் என்கிறீர்கள். வாட்ஸப்பில் சுற்றுவதெல்லாம் படமான பிடிஎஃப்தானே? எங்களுக்கு ஏற்ற வடிவில் படி எடுப்பது பதிப்புரிமை மீறல் ஆகாது என்று 2012-லேயே சட்டத்தைத் திருத்தியாகிவிட்டது. பார்வையற்றோருக்கு நூல்கள் எட்ட வழிசெய்யும் மராகேஷ் உடன்படிக்கையை 2014-இல் உலகிலேயே முதலில் ஏற்றதும் நம் நாடுதான். அச்சு, ஒலி, மின்னணு ஊடகங்களில் வருவதெல்லாம் எங்களுக்கு எட்டும் வடிவில் கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு சொல்கிறது. அந்த அரசின் ஆணைகளே பல நேரம் ஸ்கேன் செய்த படமாக வரும்போது உங்களை மட்டும் என்ன சொல்வது! அட்டையில் எங்களைத் 'தன்னம்பிக்கைச் சிகரங்கள்' என்று போட்டிருக்கிறீர்களாம், பையன் சொன்னான். சிகரங்களுக்கு, டாக்பேக் வாசிக்கக்கூடிய யுனிகோடு எழுத்தில் ஒரு கோப்பு தரக்கூடாதா?

கோபத்தில் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான், எழுத்தாகத் தாருங்கள். அச்சுக்குத் தட்டச்சு செய்த கோப்பு உங்களிடம் இருக்கும். பழைய எழுத்துரு என்றால் யுனிகோடாக மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன, மாற்றாமல் அனுப்பினால் டாக்பேக் ஆங்கில எழுத்துகளாக உளறும். வேர்டு கோப்போ ஈபப் மின்னூலோ, எதுவானாலும் சரி. இந்த இதழை முதலில் அனுப்புங்கள். இனி வருபவற்றை, மற்றவர்களுக்குக் கிடைக்கும் அன்றே எங்களுக்கும் தாருங்கள். அதே விலையைக் கட்டியே வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பாலக்காட்டு எல்லையிலிருந்து ஒரு வாசகி