அதுக்குத்தானா இந்த ஓட்டம்?

சுசீந்திரம்
புதன் இரவு

அன்புள்ள மக்கா,

“உயிரோட இருக்கியா, இல்ல ரோட்டுல கெடக்கியா?” என்று ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜுக்கு இன்றைக்குத்தான் பதில். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் வீட்டில் ஒரு மூலைகூடக் காலி இல்லை. சித்தியும் பிள்ளைகளும் வந்தாயிற்று, பெரியத்தை வந்தாயிற்று, நாளைக்குப் பொங்கல். நான் வாயைத் திறந்தால் ஐந்து பேர் காதைத் தீட்டிக்கொள்கிறார்கள். அதனால் மொட்டை மாடிப் படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஹாஸ்டலில் பரீட்சைக்கு முந்தின ராத்திரி உட்காருவோமே, அதே மாதிரி, கொசுக்கடியோடு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஓடி முடித்துவிட்டேன். அரை மாரத்தான், 21.1 கிலோமீட்டர், 2 மணி 51 நிமிடம். நடுவில் முக்கால் கிலோமீட்டர் நடந்தேன், அதையும் உன்னிடம் மட்டும் ஒப்புக்கொள்கிறேன். கல்யாணத்துக்குச் சரியாகப் பதினைந்து நாள் முன்னால்.

இதை வேண்டுமென்றே இப்படி வைத்துக்கொண்டேன் என்று ஊரே நம்புகிறது. நான் பெயர் கொடுத்தது ஆவணியில். அப்போது அவர் வீட்டு ஜாதகம் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கவே இல்லை. அதோடு மார்கழியில் யாரும் கல்யாணம் வைக்கமாட்டார்கள் என்ற தைரியம் வேறு. ஐப்பசியில் நிச்சயம் முடிந்து, தை மாதம் முகூர்த்தம் குறித்த பிறகுதான் காலண்டரைப் பார்த்து எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

அம்மாவுக்கு ஒரே கவலை, கறுத்துப் போய்விடுவேன் என்று. பியூட்டி பார்லர் அக்கா இரண்டு மாதத்துக்கு ஃபேஷியல் பேக்கேஜ் போட்டுக் கொடுத்துவிட்டு, “வெயில்ல தல காட்டப்பிடாது கேட்டியா” என்று அம்மா முன்னாலேயே சொல்லித் தொலைத்தாள். பெரியத்தைக்கு அதைவிடப் பெரிய பயம். “பொம்பளப் பிள்ளைய இவ்வளவு தூரம் ஓட விட்டா கர்ப்பப்பை எறங்கிப் போவும்” என்று கூடத்தில் எல்லோரும் கேட்கச் சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது, பிறகு போய்விட்டது. பெரியத்தையைச் சொல்லி என்ன! 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டம் வைத்துப் பார்த்துவிட்டு, இது பெண்களுக்கு ஆகாது என்று நிறுத்தியவர்கள் கோட்டு போட்ட படித்த ஆண்கள். திரும்ப அது வந்தது 1960-இல். பெண்களுக்கு மாரத்தான் வந்தது 1984-இல், லாஸ் ஏஞ்சல்ஸில். பெரியத்தை அப்போதே பள்ளிக்கூடத்தை விட்டு நின்று, நாலு தம்பி தங்கைகளுக்குச் சோறு பொங்கிக்கொண்டிருந்தாள்.

அப்பா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அலமாரிக்கு மேலிருந்து பழைய ஓலை விசிறி ஒன்றை எடுத்துத் தூசி தட்டினார். சிவாலய ஓட்டத்துக்கு அவர் கொண்டுபோன விசிறி. உனக்கு நினைவிருக்கும், ஒரு சிவராத்திரிக்கு நீ எங்கள் வீட்டில் தங்கியிருந்தபோது காவி வேட்டி கட்டிக்கொண்டு “கோவிந்தா, கோபாலா” என்று கூட்டமாக ஓடுகிறவர்களைத் தக்கலைப் பக்கம் பஸ்ஸிலிருந்து பார்த்தோமே. சிவன் கோயிலுக்கு ஓடிக்கொண்டு ஏன் கோவிந்தாவைக் கூப்பிடுகிறார்கள் என்று நீ கேட்டாய், நான் தெரியாது என்றேன். இப்போது தெரியும். தருமரின் யாகத்துக்காகப் புருஷாமிருகத்திடம் பால் வாங்கப் போனான் பீமன். அது முழு சிவபக்தன், கோவிந்தா என்று கேட்டாலே துரத்தும். பீமன் வேண்டுமென்றே கூப்பிட்டுக்கொண்டு ஓடுவான். அது நெருங்கிப் பிடிக்கப் போகும்போது கண்ணன் கொடுத்த ருத்திராட்சத்தில் ஒன்றைக் கீழே போடுவான். அது லிங்கமாகிவிடும், புருஷாமிருகம் நின்று பூசை செய்யும், இவன் அடுத்த ஓட்டம் பிடிப்பான். இப்படிப் பன்னிரண்டு ருத்திராட்சம், பன்னிரண்டு கோயில். முஞ்சிறை திருமலையில் தொடங்கித் திருநட்டாலத்தில் முடியும். மொத்தம் நூறு கிலோமீட்டருக்கு மேல், வெறுங்காலில். அப்பா பதினொரு வருஷம் ஓடியிருக்கிறார். ஷூ, வாட்ச், ஆப் எதுவும் கிடையாது.

“நூறு மைல்னு நெனச்சா திக்குறிச்சியிலயே உக்காந்துருவே. அடுத்த கோயில் வரைக்கும் மட்டும் நெனை” என்றார். அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்த பயிற்சி இவ்வளவுதான். (திக்குறிச்சி இரண்டாவது கோயில். நூறு மைல் இல்லை, அப்பாவுக்குக் கிலோமீட்டரும் மைலும் ஒன்றுதான்.)

மூன்று மாதம் காலை நாலரைக்கு அவர் ஸ்கூட்டரில் பின்னால் வருவார், நான் முன்னால் ஓடுவேன். சுசீந்திரம் குளத்தங்கரை, அங்கேயிருந்து தேரூர், திரும்ப வீடு. அந்தக் குளங்களை 2022-இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளின் பட்டியலில், சேர்த்தார்கள் அல்லவா, விடியும்போது பார்க்க வேண்டும் நீ, தண்ணீர் தெரியாத அளவுக்குப் பறவை. ஆனால் பறவையைப் பார்க்கிற நிலைமையில் நான் இல்லை. நாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தேரூர் டீக்கடையில் ஒரு பாட்டா தினமும், “எங்க பிள்ளே, பஸ்ஸு போயிட்டா?” என்று கேட்பார். முதல் வாரம் சங்கடமாக இருந்தது. பிறகு அவரைக் காணாத அன்று அப்பாவிடம் விசாரிக்கச் சொல்லும் அளவுக்கு ஆகிவிட்டது.

எட்டு, பத்து, பன்னிரண்டு என்று ஏற்றி, மூன்று வாரம் முன்னால் பதினெட்டு ஓடினேன். அதற்கப்புறம் தூரத்தைக் குறைக்க வேண்டும், உடம்பு அதற்குள் பழுது பார்த்துக்கொள்ளும். இது அப்பாவுக்குப் புரியவே இல்லை. “பரீட்சைக்கு முந்தின வாரம் புத்தகத்தை மூடி வைக்குத படிப்பு என்ன படிப்பு?” என்றார். கடைசியில் தேர் வந்து வழக்கைத் தீர்த்தது. மார்கழித் திருவிழாக் கூட்டத்தில் ரதவீதியில் நடக்கவே இடமில்லை, ஓடுவது எங்கே!

ஓட்டம் கன்னியாகுமரியில் விடியற்காலை ஐந்தரைக்கு. மேற்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் வழியாகப் போய், மணக்குடிப் பாலம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் திரும்பி, அதே வழியில் வர வேண்டும். போகும்போது சொர்க்கம் மக்கா. இருட்டு, இடது பக்கம் கடல் சத்தம், மீனவ ஊர்களில் கிறிஸ்துமஸ் நட்சத்திரங்களை இன்னும் இறக்கவில்லை. வீட்டுக்கு வீடு சிவப்பும் நீலமுமாக எரிந்துகொண்டிருந்தன. எட்டு மட்டிப்பழம் வாங்கிப் போயிருந்தேன், இரண்டு கிளம்பும் முன், ஒன்று வழியில். ஓடுகிறவர்கள் தெம்புக்குச் சாப்பிடுகிற அந்த ஜெல் பாக்கெட்டுகளை எல்லாம் விட நம்ம ஊர் மட்டி எவ்வளவோ மேல். விரலளவுதான், இரண்டு கடியில் உள்ளே போய்விடும், வயிற்றைப் புரட்டாது. 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடு கொடுத்தவர்கள் இதையும் எழுதியிருக்கலாம்.

மணக்குடிப் பாலத்தில் ஏறும்போது விடிந்துவிட்டது. பழையாறு கடலில் விழுகிற பொழிமுகம் சாம்பல் நிறத்தில் கிடந்தது. முன்பிருந்த பாலத்தை 2004 சுனாமி பிய்த்து எறிந்த இடம் அது. அப்போது நமக்கு ஆறு வயது. அப்பா என்னைத் தோளில் வைத்துக் காட்டியது மங்கலாக நினைவிருக்கிறது.

திரும்பினதும்தான் கஷ்டம் ஆரம்பித்தது. போகும்போது முதுகில் இருந்த சூரியன் இப்போது நேராக முகத்தில். அம்மாவின் முகமும் பார்லர் அக்காவின் முகமும் அதில் தெரிந்தன. அடுத்த தண்ணீர் மேசைக்குப் போனால் காலி கேன்கள்தான் நிற்கின்றன. முன்னால் ஓடியவர்கள் குடித்தது போதாதென்று தலையிலும் ஊற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஓட்டத்தை நடத்தியவர்களிடம் கேட்டால், “கொண்டு வருது மேடம், கொண்டு வருது” என்றார்கள். காசு வாங்கும்போது இருந்த சுறுசுறுப்பு தண்ணீரில் இல்லை.

கீழமணக்குடி தாண்டிப் பதினான்காவது கிலோமீட்டரில் கால் நின்றுவிட்டது. நான் நிறுத்தவில்லை, அதுவாக நின்றது. வாசலில் மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்த ஒரு அம்மா என்னைப் பார்த்துவிட்டு, கேட்காமலே உள்ளே போய் ஒரு செம்பில் கஞ்சித்தண்ணி கொண்டு வந்தார். உப்புப் போட்டது. வியர்த்து வியர்த்து உடம்பில் உப்புப் போன நேரத்தில் அதைவிட நல்ல மருந்து கிடையாது. ஒரே மூச்சில் குடித்தேன்.

“எதுக்கு பிள்ளே இப்பிடி ஓடுத?”

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. வாயில் வந்தது, “எனக்கு இன்னும் பதினஞ்சு நாள்ல கல்யாணம்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அதுக்குத்தானா இந்த ஓட்டம்? யாருக்க கூடயும் ஒளிச்சு ஓடுதேன்னா செரி, இது ஒத்தைக்கில்லா ஓடுதே!” என்று சொல்லிவிட்டு அப்படி ஒரு சிரிப்பு. பக்கத்து வீட்டுப் பெண்களும் வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை என்ன செய்கிறார், எத்தனை பவுன், எந்த மண்டபம். நெஞ்சில் நம்பர் குத்திக்கொண்டு நடுரோட்டில் நின்று எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். நடந்தேன் என்றேனே, அந்த முக்கால் கிலோமீட்டர் இதற்கப்புறம்தான். சிரிப்பு அடங்காமல் ஓட முடியவில்லை.

நடந்துகொண்டே அந்த அம்மா கேட்டதை யோசித்தேன். மண்டபம் பிடித்தது அண்ணன். புடவை நிறம் மயினியும் அம்மாவும். பத்திரிகையில் என் பெயருக்கு முன்னால் யார் யார் பெயர் வர வேண்டும் என்று மாமாக்கள் இரண்டு நாள் சண்டை போட்டார்கள். கூட்டுக்கறியா எரிசேரியா என்பதற்குக்கூட வாக்கெடுப்பு நடந்தது, என்னிடம் யாரும் கேட்கவில்லை. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, கல்யாணம் என்றால் அப்படித்தான், எல்லோருக்கும் ஆசை இருக்கிறது. ஆனால் இந்த நாலு மாதத்தில் நானாகப் பெயர் எழுதிக் கொடுத்த ஒரே விண்ணப்பம் இதுதான். அதைப் பாதியில் விட்டுவிட்டு ஏதாவது ஆட்டோவில் ஏறி வந்தால், அப்புறம் இந்தத் தையில் எனக்கென்று என்ன மிச்சம்? சவத்தெ, ஓடித் தொலைப்போம் என்று ஆரம்பித்தேன். அடுத்த மின்கம்பம் வரைக்கும் ஒரு ருத்திராட்சம், அடுத்த குருசடி வரைக்கும் ஒன்று. எண்ணிப் பார்த்தால் பன்னிரண்டு போதவில்லை, முப்பதுக்கு மேல் போட்டிருப்பேன். கோவளம் தாண்டியதும் வள்ளுவர் சிலை தெரிந்தது. தெரிகிறதே தவிரக் கிட்டே வரவில்லை. 133 அடி இருப்பதில் இது ஒரு தொல்லை.

எல்லைக் கோட்டில் அப்பா விசிறியோடு நின்றார். மெடலை வாங்கிக்கொண்டு வந்ததும் விசிறினார், ஒன்றும் பேசவில்லை. வீடு வரும்வரைக்கும் ஸ்கூட்டரை வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினார்.

அவரைப் பற்றிக் கேட்டிருந்தாய். திருவனந்தபுரத்தில் வருஷக் கடைசி வேலை, வர முடியவில்லை. நவம்பரில் ஒரு நாள், “அடுத்த வருஷம் ஓடக்கூடாதா?” என்று கேட்டதற்கு நான் இரண்டு நாள் பேசவில்லை, அதை உன்னிடம் சொன்னேன்தானே. அவர் அம்மா வேறு, பிள்ளை ஏன் இவ்வளவு மெலிந்து போச்சு என்று அம்மாவுக்குப் போன் செய்திருக்கிறார்கள். அம்மா யோசிக்காமல், “மார்கழி விரதம்” என்று அடித்துவிட்டாள். இப்போது நான் மறுவீட்டிலும் இந்த விரதத்தைக் காப்பாற்ற வேண்டும். ஐப்பசியில் அளவு எடுத்துத் தைத்த முகூர்த்த பிளவுஸ் இரண்டு பக்கமும் ஒரு விரற்கடை தொளதொளவென்று நிற்கிறது. தையல்கார அக்கா, “இனிமே ஓடாதே, சாப்பிடவும் செய்யாதே, அப்படியே இரு” என்று கும்பிட்டாள்.

இதெல்லாம் போகட்டும். உண்மையான சிக்கல் வேறு. ஷூ வாங்கும்போது விரலுக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட வேண்டும், ஓட ஓடக் கால் வீங்கும். கடைக்காரப் பையன், “கரெக்ட் சைஸ்க்கா” என்றதை நம்பினேன். வலது காலில் பெருவிரலுக்கு அடுத்த விரல், நகத்துக்கு அடியில் ரத்தம் கட்டி நாவல்பழ நிறத்தில் இருக்கிறது. புது நகம் வர மாதக்கணக்கில் ஆகும். அது எந்த விரல் என்று புரிகிறதா? அம்மிமேல் காலை வைத்து, எல்லோரும் குனிந்து பார்த்து, போட்டோகிராபர் கிட்டே வந்து படம் பிடித்து, மெட்டி போடுகிற விரல்.

அவரிடம் திங்கட்கிழமை சொன்னேன். முதலில், “வலிக்குதா?” என்றார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “மெதுவா போட்டுப் பழகணுமே” என்றார். நான் போனை வைத்துவிட்டு வெகுநேரம் சிரித்தேன்.

அம்மா நகத்தைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். மருதாணி வைத்துப் பார்த்தோம், கறுப்பின்மேல் சிவப்பு எடுபடவில்லை, இன்னும் பயங்கரமாக ஆயிற்று. அதனால் உனக்கு ஒரு வேலை. தோஹாவிலிருந்து வரும்போது நெயில் பாலிஷ் வாங்கி வா. ரோஸ், பிரவுன் எதுவும் வேண்டாம், அடர் மெரூன். இரண்டு பாட்டில், ஒரு கோட்டில் நிற்காது. சனிக்கிழமை விமானம் என்றாய், திருவனந்தபுரத்துக்கு அண்ணன் கார் வரும். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி காய்கறி வெட்டுக்கு நீ கட்டாயம் இருக்க வேண்டும், தடியங்காய் நறுக்க ஆள் போதாது என்று பெரியத்தை இப்போதே உன் பெயரை எழுதி வைத்துவிட்டாள்.

உன்
மூன்றாம் நம்பர் அறைக்காரி