பனை வகை இலைகளுக்கு உதவாத டி.என்.ஏ. பிரித்தெடுப்புத் தொகுப்பு குறித்த புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். திரவ நைட்ரஜனும் குளோரோஃபார்மும் இல்லாமல் எல்லாத் தாவரங்களிலிருந்தும் எளிதாக டி.என்.ஏ. பிரித்தெடுக்கலாம் என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருந்ததை நம்பி, பனைக் குடும்பத் தாவரங்களை ஆராயும் எங்கள் சிறிய ஆய்வகத்துக்குத் தங்கள் தொகுப்பை வாங்கினேன். அதைக் கொண்டு பரிசோதித்த 12 பேரீச்சை மாதிரிகளில் ஒன்றுகூட, டி.என்.ஏ.வைப் பல பிரதிகளாகப் பெருக்கும் பி.சி.ஆர். வினைக்குப் பயன்படவில்லை.

கையேட்டில் கண்ட படிகளில் எதையும் நாங்கள் விட்டுவிடவில்லை. கல்வத்தில் இட்டு அரைத்தபோது இலையின் நார்கள் குழவிக்கு அடியில் வழுக்கினவே தவிர மசியவில்லை. கரைசலை ஊற்றிய சில நிமிடங்களில் கலவை கடுந்தேநீர் நிறத்துக்கு மாறியது. டி.என்.ஏ.வைப் பிடித்துவைக்கும் சிலிக்கா குழலில் கோழை போன்ற கூழ் அடைத்துக்கொண்டு, மீண்டும் மீண்டும் சுழற்றியும் கீழே இறங்கவில்லை. தூய டி.என்.ஏ.வில் 1.8 அளவில் இருக்க வேண்டிய, தூய்மையைக் காட்டும் 260/280 ஒளி உறிஞ்சல் விகிதம், எங்களுக்குக் கிடைத்த சொற்பத்தில் 1.4 மட்டுமே.

இவ்வகை இலைகளில் துவர்ப்புப் பொருள்களான பாலிஃபீனால்களும் பசை போன்ற பாலிசாக்கரைடுகளும் மிகுதி என்பதும், செல் உடைந்ததும் பாலிஃபீனால்கள் ஆக்சிஜனேற்றமடைந்து டி.என்.ஏ.வைப் பற்றிக்கொள்கின்றன என்பதும் இத்துறையில் எவருக்கும் புதிய செய்தி அல்ல. அப்படியிருக்க, பாலிஃபீனால்களைப் பிடித்து விலக்கும் பி.வி.பி. (பாலிவினைல்பைரோலிடோன்) என்ற வேதிப்பொருள் பற்றிக் கையேட்டில் ஒரு வரிகூட இல்லாதது எனக்கு மிகுந்த வருத்தமளிக்கிறது. தங்கள் பிரிவுக்கு எழுதியபோதும் மறுபடி முயலுமாறு மட்டுமே பதில் வந்தது.

பின்னர் விரியாத குருத்தோலையைப் பொடியாக நறுக்கி, சிலிக்கா ஜெல்லில் உலர்த்தி அரைத்து, பி.வி.பி. சேர்த்த 2% சி.டி.ஏ.பி. (செல் சவ்வுகளைக் கரைக்கும் சோப்பு போன்ற வேதிப்பொருள்) கரைசலில் 65 டிகிரி செல்சியஸில் வைத்தெடுத்தபோது நல்ல டி.என்.ஏ. கிடைத்தது. ஆனால் அந்த முறையில் குளோரோஃபார்மைத் தவிர்க்க முடியவில்லை. நச்சு ஆவியை வெளியேற்றும் புகைபோக்கி அறை இல்லாத எங்களைப் போன்றோர் அதை ஒவ்வொரு முறையும் கையாள்வது பாதுகாப்பானது அன்று. தங்கள் தொகுப்பை நாடியதே அதனால்தான்.

ஆகவே, தொகுப்புக்குச் செலுத்திய தொகையைத் திருப்பித் தருமாறும், குருத்தோலையைப் பயன்படுத்துதல், மாதிரியின் அளவைக் குறைத்தல், பி.வி.பி. சேர்த்தல் ஆகியவற்றைத் தங்கள் ஆய்வகத்தில் பனை வகை இலைகளிலேயே சோதித்து, பலன் தரும் முறையைக் கையேட்டில் சேர்க்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை ‘எல்லாத் தாவரங்களும்’ என்ற சொற்களை அட்டையிலிருந்து நீக்க வேண்டும். தொகுதி எண்ணையும் அளவீட்டுப் பதிவுகளையும் இணைத்துள்ளேன். 15 நாட்களுக்குள் எழுத்து மூலமான பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்