வீட்டு மூலிகைத் தோட்டம்: நம் ஊர் மழைக்கேற்ற முறை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மூலிகை வளர்ப்பு பற்றி வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும் மலேசியாவில் உள்ள நமக்கு வந்து சேரும் குறிப்புகளில் பெரும்பாலானவை தமிழ்நாட்டிலிருந்து வருபவை. அங்குள்ளவர்களுக்கு அவை சரிதான். சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். கோலாலம்பூரில் 2,400 மில்லிமீட்டருக்கும் மேல். மழையே இல்லாத மாதம் என்று இங்கு ஒன்று கிடையாது. "காலையும் மாலையும் தண்ணீர் விடுங்கள்" என்பதை இங்கே அப்படியே பின்பற்றினால் துளசியும் கற்பூரவல்லியும் வேர் அழுகிச் சாகும். நம் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளிலும் அடுக்குமாடிகளிலும் "என் கைக்குச் செடி வராது" என்று சலித்துக்கொண்டு விட்டுவிட்டவர்கள் நிறையப் பேர். கையில் ஒரு குறையும் இல்லை. சாடியில் போட்ட மண்தான் காரணம்.

தானா ஹீத்தாம் என்று மூட்டையில் விற்கும் கறுப்பு மண்ணை மட்டும் கொட்டி நிரப்புவதில்தான் தொல்லை தொடங்குகிறது. வாங்கும்போது பொலபொலவென்று இருக்கும். பத்து மழை விழுந்ததும் இறுகி, மேலே பச்சைப் பாசி படிந்துவிடும். துளசி, கற்பூரவல்லி, கறிவேப்பிலை, நிலவேம்பு ஆகியவற்றுக்கு இந்த மண் ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு, சக்காம் பாகார் எனப்படும் கருக்கிய உமி ஒரு பங்கு என்று கலக்க வேண்டும். கட்டடத்துக்கு வாங்கும் நைஸ் மணல் உதவாது. அது மண்ணின் இடுக்குகளை அடைத்துக்கொள்ளும். கலவையைச் சாடியில் நிரப்பி, செடி வைப்பதற்கு முன் ஒரு லிட்டர் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் அடித்துளையில் தண்ணீர் சொட்டத் தொடங்க வேண்டும். ஐந்து நிமிடம் கழித்தும் மேலே குளம்போல் நின்றால் மணலும் உமியும் இன்னும் தேவை.

சாடியின் அடியில் கல்லோ ஓட்டுத் துண்டோ பரப்பினால் தண்ணீர் நன்றாக வடியும் என்று பலர் நம்புகிறார்கள். நடப்பது நேர்மாறு. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய கல்லுக்குத் தண்ணீர் எளிதில் இறங்காது. கல் அடுக்குக்கு மேலேயே தேங்கி நிற்கும். கல் எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரத்துக்கு ஈரம் வேரை நெருங்கும். துளையின் மேல் ஒரு துண்டு வலையோ தேங்காய் நாரோ வைத்தால் போதும். சாடியைத் தரையில் அப்படியே வைக்காமல் இரண்டு செங்கல் மேல் ஏற்றி வைத்தால் துளை அடைபடாது.

கீழ்வீட்டுக்குத் தண்ணீர் சொட்டக்கூடாது என்பதால் அடுக்குமாடிகளில் சாடிக்கு அடியில் தட்டு வைக்கத்தான் வேண்டியிருக்கிறது. அந்தத் தட்டை விளிம்பு வரை பருமணலால் நிரப்பிவிடுங்கள். வடியும் நீரை மணல் பிடித்துக்கொள்ளும். திறந்த நீர்ப்பரப்பு இல்லாததால், டிங்கி (டெங்கு) பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட வழி இருக்காது. மணல் போடாத தட்டைக் கவிழ்த்துக் கொட்டினால் மட்டும் போதாது. ஏடிஸ் முட்டை தட்டின் சுவரில் ஒட்டிக்கொண்டு, ஈரமில்லாமலேயே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிந்து, பத்து நாளுக்குள் கொசுவாகிவிடும். ஆகவே வாரம் ஒருமுறை பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். பண்டான் எனப்படும் ரம்பைச் செடி வைத்திருப்பவர்கள் இலைக்கக்கத்தில் தேங்கும் நீரையும் வாரம் ஒருமுறை குழாய்நீரைப் பீய்ச்சி வெளியேற்ற வேண்டும். வீட்டில் கொசுப்புழு கண்டுபிடிக்கப்பட்டால் 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்படி 500 வெள்ளி (ரிங்கிட்) வரை உடனடி அபராதம் உண்டு. அபராதத்தை விடுங்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு டிங்கி வந்தால் என்ன செய்வோம்?

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பால்கனிக் கைப்பிடிச் சுவரின் மேல் பூச்சாடி வைக்காதீர்கள். 30 சென்டிமீட்டர் சாடி மழையில் நனைந்தால் 15 கிலோ கனக்கும். 2018 ஜனவரியில் பந்தாய் டாலாம் அடுக்குமாடி ஒன்றின் மேலிருந்து விழுந்த நாற்காலி 15 வயதுத் தமிழ்ப் பையனின் உயிரைக் குடித்தது. சாடி என்றும் தரையில்தான் இருக்க வேண்டும்.

வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்பதையும் கவனியுங்கள். நாம் பூமத்திய ரேகைக்குச் சற்று வடக்கே இருக்கிறோம். மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடபுறமாகச் செல்கிறது. மற்ற மாதங்களில் தென்புறமாக. வடக்குப் பார்த்த பால்கனியில் ஜூன் மாதத்தில் தளதளவென்று இருந்த செடி டிசம்பரில் வெளிறி இளைத்துப்போவது இதனால்தான். அதற்கு உரம் போட்டுப் பயனில்லை. இடம் மாற்ற முடியாத வீட்டில் வல்லாரை, புதினா, கெத்தும்பார் ஜாவா எனப்படும் மல்லி மணமுள்ள நீள இலைச் செடி போன்ற அரைநிழல் செடிகளையே வைக்கலாம்.

கறிவேப்பிலையைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நம் வீடுகளில் அதிகம் வாங்கப்படுவதும் அதிகம் வீணாவதும் இந்தச் செடிதான். விதையிலிருந்து வளர்ப்பதானால் கறுத்துப் பழுத்த பழம் வேண்டும். சதையை அகற்றிக் கழுவி, ஓரிரு நாளில் ஊன்றிவிட வேண்டும். காய்ந்த விதை முளைக்காது. பாக்கெட்டில் விற்கும் கறிவேப்பிலை விதையை வாங்காதீர்கள். முளைக்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். சுங்கை பூலோ நர்சரிகளில் கன்று எளிதாகக் கிடைக்கிறது. தெரிந்தவர் வீட்டு மரத்தடியில் கிளம்பும் பக்கக் கன்றை வேரோடு வெட்டி எடுத்தாலும் பிழைக்கும். சாடி குறைந்தது 40 சென்டிமீட்டர் அகலம் இருக்கட்டும். ஐந்து மணி நேர வெயிலாவது வேண்டும்.

செடி இரண்டடி உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். இதற்கு மனம் வராதவர்கள் வீட்டில்தான் கறிவேப்பிலை ஒற்றைக் குச்சியாக உயர்ந்து, உச்சியில் மட்டும் நாலு இலையோடு நிற்கும். பறிக்கும்போது குச்சியிலுள்ள சிற்றிலைகளை உருவி எடுத்துவிட்டு வெறும் ஈர்க்கை விட்டுவைக்கக் கூடாது. ஈர்க்கோடு தண்டை ஒட்டி எடுங்கள். இன்னும் நல்லது, கிளை நுனியையே இலைகளோடு கத்திரியால் வெட்டுவது. வெட்டிய இடத்துக்குக் கீழே இரண்டு தளிர் கிளம்பும். பூக்கொத்து தலைகாட்டியதும் கிள்ளிவிடுங்கள். பூத்துக் காய்க்க விட்டால் இலை குறையும்.

நரம்பு பச்சையாகவும் இலை மஞ்சளாகவும் இருந்தால் இரும்புச் சத்து ஏறவில்லை என்று பொருள். தேங்கிய நீரில் வேர் மூச்சுமுட்டிக் கிடந்தால் இப்படி ஆகும். தாமான் வீடுகளின் பின்புறத்தில் கட்டுமானத்தின்போது கொட்டிய சிமெண்ட்டும் உடைசலும் மண்ணின் சுண்ணாம்புத்தன்மையைக் கூட்டுவதாலும் ஆகும். அப்படிப்பட்ட இடத்தில் இரண்டடிக்குக் குழி தோண்டி, உடைசலை அள்ளி வெளியே போட்டுவிட்டு, புதுமண் நிரப்பியே நட வேண்டும். பத்துக்கு ஒன்று என்று நீர் கலந்த புளித்த மோரை மாதம் ஒருமுறை ஊற்றலாம், தவறில்லை. ஆனால் வடிகால் கெட்ட சாடியை மோர் காப்பாற்றாது. 15-15-15 என்று விற்கும் பச்சை நிற ரசாயன உரத்தில் ஒரு தேக்கரண்டி, மாதம் ஒருமுறை, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, சாடியின் ஓரமாகப் போட்டால் போதும்.

தளிர் சுருண்டு, வெள்ளை மெழுகு இழைபோல் தொங்கினால் அது எலுமிச்சை இனச் செடிகளைத் தாக்கும் சாறுறிஞ்சிப் பூச்சி. அந்த நுனிகளை வெட்டிப் பையில் கட்டி எறியுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லிலிட்டர் வேப்பெண்ணெயும் சில சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பும் கலந்து, மழை வராத மாலையில் இலையின் அடிப்புறம் நனைய அடிக்க வேண்டும். வாரம் ஒருமுறை, மூன்று வாரம். அதுவரை அந்த இலையைச் சமையலுக்கு எடுக்க வேண்டாம். லீமாவ் காஸ்தூரி எனப்படும் சிற்றெலுமிச்சை வளர்ப்பவர்கள் கறிவேப்பிலையைப் பக்கத்தில் வைக்காதீர்கள். எலுமிச்சை இன மரங்களைக் கொல்லும் மஞ்சள் நோயைப் பரப்புவது இதே பூச்சிதான். பறவை எச்சம்போல் இலைமேல் ஒட்டியிருப்பது வண்ணத்துப்பூச்சிப் புழு. கையால் எடுத்தாலே போதும்.

புதினாவுக்குப் பாசாரில் (சந்தையில்) வாங்கிய கட்டே விதை. தடித்த தண்டாகப் பார்த்து ஒரு சாண் நறுக்கி, கீழிலைகளை நீக்கி, கண்ணாடிக் குவளை நீரில் வையுங்கள். தினமும் நீரை மாற்றினால் ஒரு வாரத்தில் வேர் விடும். அகலமான, ஆழம் குறைந்த சாடியும் காலை வெயிலும் போதும். மூன்று நான்கு மாதத்தில் வேர் சாடியை நிறைத்துவிடும். இலை சிறுத்து, தண்டு நீண்டு ஓடும். அப்போது புது நுனிகளை வெட்டி மறுபடி நடுவதே வழி.

கொத்தமல்லியை நம் சமவெளியில் கட்டுக்கட்டாக அறுக்கலாம் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். கேமரன் மலையின் குளிரில் அது செழிக்கும். இங்கே வெப்பத்தால் சீக்கிரமே பூத்துவிடும். விதையை இரண்டாக உடைத்து, ஓர் இரவு ஊறவைத்து, மழை படாத இடத்தில் நெருக்கமாக விதைத்து, நான்கு வாரத்தில் இளசாகவே வெட்டிக்கொள்ளலாம். ஆண்டு முழுவதும் மல்லி மணம் வேண்டுமென்றால் கெத்தும்பார் ஜாவா வையுங்கள். நிழலில் வளரும், முள்ளாக எழும் பூத்தண்டை வெட்டிக்கொண்டே இருந்தால் இலை வந்துகொண்டே இருக்கும். ரசத்தில் பாதியளவு போட்டால் போதும், வாசம் தூக்கும்.

இனி மருந்தாகப் பயன்படுத்துவது பற்றி. முதலில் செடியைச் சரியாக அடையாளம் காண வேண்டும். வல்லாரையை இங்கே பெகாகா என்று கேட்டு வாங்கலாம். இலை சிறுநீரக வடிவில், காம்பு சேரும் இடத்தில் பிளவோடு இருக்கும். காம்பு இலையின் நடுவில் குடைபோல் சேர்ந்திருந்தால் அது தொட்டிகளில் அழகுக்கு வளர்க்கும் வேறு செடி. கீழாநெல்லியின் தண்டை ஒடித்தால் பால் வராது. பால் வந்தால் அது அம்மான் பச்சரிசி இனம். இலைக்கடியில் காய்கள் சிறு காம்பில் தொங்க வேண்டும். தண்டு சிவந்து, காய் காம்பில்லாமல் சொரசொரப்பாக ஒட்டியிருந்தால் அது வேறு வகை. மணத்தக்காளியில் பச்சைக் காயில் நச்சு உண்டு. சமைக்கத் தெரியாதவர்கள் கீரையையும் நன்கு கறுத்த பழத்தையும் மட்டும் எடுங்கள். பிரண்டையை நறுக்குமுன் கையில் நல்லெண்ணெய் தடவி, நாரெடுத்து, எண்ணெயில் நன்றாக வதக்கிப் புளியோடு அரைத்தால்தான் தொண்டை அரிக்காது.

லோங்காங் (சாக்கடை) ஓரத்திலும் சாலையோரத்திலும் முளைத்திருக்கும் வல்லாரையைப் பறிக்காதீர்கள். நீரிலும் மண்ணிலும் உள்ள ஈயம் போன்ற உலோகங்களை அது உறிஞ்சிச் சேர்த்துக்கொள்ளும், கழுவினாலும் போகாது. சாலையோரங்களில் களைக்கொல்லி அடிப்பதும் உண்டு. டிங்கிக்காகப் புகையடிக்க வருவதாக அறிவிப்பு வந்தால் மூலிகைச் சாடிகளை உள்ளே எடுத்துவிடுங்கள், அல்லது துணியால் மூடுங்கள். முடியாதுபோனால் புகை பட்ட இலைகளை வெட்டி எறிந்துவிட்டுப் புதுத்தளிருக்குக் காத்திருங்கள்.

நிலவேம்பை, மலாயில் ஹெம்பெடு பூமி, கர்ப்பிணிகள் தொடக்கூடாது. இரத்த அழுத்தம், நீரிழிவு, இரத்தம் உறையாமைக்கான மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக்கூடாது. ஈரல் கோளாறு உள்ளவர்கள் வல்லாரையைத் தவிர்ப்பது நல்லது. அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால் இரண்டு வாரம் முன்பே மூலிகைக் கஷாயங்களை நிறுத்தி, என்ன சாப்பிட்டீர்கள் என்பதை மருத்துவமனையில் சொல்லிவிடுங்கள். கற்பூரவல்லிச் சாற்றைத் தேனில் குழைத்துக் கைக்குழந்தைக்குப் புகட்டும் வழக்கத்தை விட்டேயாக வேண்டும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடாது; அதில் இருக்கக்கூடிய கிருமி பிஞ்சுக் குடலில் பெருகி உயிருக்கே உலை வைக்கும் நச்சை உண்டாக்கலாம். பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை கண்டால் கீழாநெல்லியைத் தேடாமல் அன்றே கிளினிக்குக்கு எடுத்துச் செல்லுங்கள்.

காய்ச்சலோடு தாங்கமுடியாத வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் இரத்தம், அளவுமீறிய சோர்வு இருந்தால் எந்தக் கஷாயமும் வேண்டாம், நேரே மருத்துவமனைதான். டிங்கியில் காய்ச்சல் இறங்கும் நேரமே ஆபத்தான நேரம். நிலவேம்பு குடித்ததால் சரியாகிவிட்டது என்று அப்போது வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மூலிகைக் குறிப்புகளை வெளியிடும்போது செடியின் மலாய்ப் பெயரையும் பெரியவருக்கான அளவையும் யார் யார் சாப்பிடக்கூடாது என்பதையும் சேர்த்தே போடுங்கள். இம்மூன்றும் இல்லாமல் வரும் குறிப்பை, எழுதியவர் எவரானாலும், கேட்டு வாங்கிச் சேர்த்த பிறகே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
செந்தூல் வாசகர்,
கோலாலம்பூர்.