புள்ளியைக் கழற்றிவிடு, மகள்

திருகோணமலை

அன்புள்ள மகளுக்கு,

இன ஒற்றுமையைச் சொல்லித்தர நீ செய்து அனுப்பிய போன் விளையாட்டைப் பக்கத்து வீட்டுப் பொடியன்களிடம் கொடுத்தேன். படங்கள் நல்ல அழகு. கோட்டை வாசல் மான்களைக்கூட விடாமல் வரைந்திருக்கிறாய். ஆனால் இரண்டாவது கேள்வியிலேயே ஒருவன் சூட்சுமத்தைப் பிடித்துவிட்டான். "வாத்தியாருக்குப் பிடித்த பதில் எதுவோ அதை அமத்து, ஒற்றுமைப் புள்ளி விழும்" என்று மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தான். அதன்பிறகு கதையை ஒருவரும் வாசிக்கவில்லை, பெருவிரல் மட்டும் ஓடியது. முழுப் புள்ளியும் எடுத்துவிட்டு எழும்பிக் கிரிக்கெட் அடிக்கப் போய்விட்டார்கள்.

புத்தி சொல்ல வரும் விளையாட்டுகளுக்கு இது புதிதல்ல. பரமபதத்தில் ஏணி புண்ணியம், பாம்பு பாவம். ஏகாதசி இரவில் கண்விழித்து ஆடியவர்கள் எந்தப் பாம்பு எந்தப் பாவம் என்று பார்த்தா தாயம் உருட்டினார்கள்? நிலச் சொந்தக்காரர்கள் வாடகையில் கொழுப்பதைக் காட்டவென்று எலிசபெத் மாகி என்ற அமெரிக்கப் பெண் ஒரு விளையாட்டுச் செய்து 1904 இல் காப்புரிமை பெற்றார். அதன் வழிவந்ததுதான் 1935 இல் பார்க்கர் பிரதர்ஸ் சந்தைக்குக் கொண்டுவந்த மொனோபொலி. அதில் அண்ணாவை வங்குரோத்தாக்கிவிட்டு நீ துள்ளிய துள்ளல் எனக்கு மறக்கவில்லை.

இதற்கு நீ அனுப்பிய கட்டுரையிலேயே விடை இருக்கிறது. விளையாட்டு ஆய்வாளர்களான மேரி ஃபிளனகனும் ஜெஃப் காஃப்மனும் தங்கள் அட்டை விளையாட்டொன்றில் பாரபட்சம் பற்றிய அட்டைகளை அன்றாடச் சங்கடங்கள் பற்றிய அட்டைகளோடு கலந்து, குறைவாக வைத்தபோதுதான் அவை மனதில் இறங்கின. அவர்களுடைய 'பஃபலோ' என்ற இன்னொரு விளையாட்டில் ஒரு அட்டை குணத்தைச் சொல்லும், மற்றது ஆளின் வகையைச் சொல்லும். இரண்டுக்கும் பொருந்தும் ஒருவர் பெயரை முந்திச் சொல்பவருக்கு அட்டை. உபதேசம் ஒரு வரிகூட இல்லை. ஆனால் பெயர் தேடும் அவசரத்தில், மனிதர்களை ஒரே பெட்டிக்குள் போட்டு வைக்கும் பழக்கம் தளர்கிறது.

எனக்கு ஒரு யோசனை. 2009 இல் பாலம் திறக்கும்வரை கிண்ணியாவுக்குப் பாதையில்தானே, ஆளையும் வண்டியையும் ஏற்றும் அந்த மிதவையில்தானே கடந்தோம். அந்தப் பாதையையே விளையாட்டாக்கு. தயிர்ச்சட்டிக்காரர், மீன்பெட்டி கட்டிய சைக்கிள், பரீட்சைக்கு ஓடும் பிள்ளை, ஆஸ்பத்திரிக்குப் போகும் கிழவி. எல்லாரையும் ஒரே தடவையில் ஏற்ற முடியாது, ஒரு பக்கம் பாரம் கூடினால் சரியும். யாரை முதலில் ஏற்றுவது என்று தெரிய, ஆடுபவன் ஒவ்வொருவரிடமும் என்ன அவசரம் என்று கேட்டே ஆகவேண்டும். தயிர் எப்போது புளிக்கும், கிழவிக்கு எத்தனை மணிக்குக் கிளினிக் என்பதெல்லாம் கேட்டால்தான் தெரியும். யார் என்ன இனம், என்ன மதம் என்று எங்கும் எழுதாதே. பெயரிலும் பேச்சிலும் தானாக விளங்கும். ஒற்றுமைப் புள்ளியைக் கழற்றிவிடு, கரை சேர்ந்தால் போதும்.

ஒரு ஆட்டத்தில் ஒருவனுடைய மனம் மாறிவிடும் என்று உன் முதலாளிக்கு எழுதிக்கொடுக்காதே. கேட்கும் பழக்கம் வந்தாலே பெரிய காரியம்.

அடுத்த வடிவத்தைச் சிங்களத்திலும் போட்டு அனுப்பு. பின்வீட்டுச் சிங்களப் பிள்ளைகள் ஆசையோடு வந்தார்கள். தமிழ் எழுத்தைப் பார்த்ததும் போனை என்னிடமே திருப்பித் தந்துவிட்டார்கள்.

அன்புடன்
அப்பா